செவன் பவுண்ட்ஸ்: படம் பார்த்தவர்கள் கேட்கும் கேள்விகள்

முடிவு உட்பட முழுக் கதையும் இங்கே பேசப்படுகிறது. இன்னும் பார்க்காதவர்கள் முதல் இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொண்டு, படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். தற்கொலை பற்றிய பேச்சும் வருகிறது. இப்போது அதைப் படிக்கும் மனநிலையில் இல்லை என்றால் இன்னொரு நாள் படிக்கலாம்.

எதைப் பற்றிய படம் இது?

லாஸ் ஏஞ்சலஸில் பென் தாமஸ் என்ற வருமான வரித்துறை அதிகாரி, வரி பாக்கி வைத்திருக்கும் சிலரைத் தேடிப் போகிறான். அவர்களில் பலர் நோயாளிகள். பாக்கியை வசூலிப்பதைவிட, அவர்கள் எப்படிப்பட்ட மனிதர்கள் என்று தெரிந்துகொள்வதில்தான் அவனுக்கு அக்கறை. ஏன் என்பதைப் படம் கடைசி வரை முழுசாகச் சொல்லாது. தன் தவறால் மற்றவர்கள் இறந்துபோக, தான் மட்டும் பிழைத்த ஒருவன் அந்தக் கணக்கைத் தீர்க்கப் பார்க்கும் கதை.

யார் எடுத்தார்கள்?

கேப்ரியேல் முச்சினோ இயக்கம், கிராண்ட் நீபோர்ட் எழுத்து. நாயகன் வில் ஸ்மித். முச்சினோ இத்தாலிக்காரர். 2006இல் இதே வில் ஸ்மித்தை வைத்து ‘தி பர்சூட் ஆஃப் ஹாப்பினஸ்’ எடுத்தவர். எமிலியாக ரொசாரியோ டாசன், கண் தெரியாத எஸ்ராவாக வுடி ஹாரல்சன், நண்பன் டேனாக பாரி பெப்பர், தம்பியாக மைக்கேல் ஈலி. அமெரிக்காவில் 2008 டிசம்பர் 19 அன்று வெளியானது. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓடும்.

கதை முன்னும் பின்னுமாகக் குழப்புகிறது. வரிசையாகச் சொல்ல முடியுமா?

சொல்கிறேன். அவனுடைய உண்மைப் பெயர் டிம். விமானத் துறைப் பொறியாளர், நல்ல வேலை, கடற்கரையோரம் வீடு. சாரா என்ற பெண்ணோடு திருமணம் நிச்சயமாகியிருந்தது. ஒரு இரவு இருவரும் காரில் வரும்போது, ஓட்டிக்கொண்டே செல்போனில் செய்தி பார்க்கிறான். கண நேரக் கவனப் பிசகு. எதிரே வந்த வேனில் இருந்த ஆறு பேரும் சாராவும் இறந்துபோகிறார்கள். மொத்தம் ஏழு உயிர்.

அதற்குப் பிறகு வேலையை விட்டுவிடுகிறான். முதலில் தன் நுரையீரலின் ஒரு பகுதியைத் தம்பிக்குக் கொடுக்கிறான். உண்மையான பென் அந்தத் தம்பிதான், வரித்துறை அதிகாரியும் அவன்தான். தம்பியின் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு, அவன் பெயரிலேயே அலையத் தொடங்குகிறான் டிம். படத்தின் ஆரம்பத்தில் நாம் கேட்கும் அவசர உதவி அழைப்பு, உண்மையில் கதையின் முடிவு. தன் மரணத்தைத் தானே தகவல் சொல்லும் குரல் அது. இடைப்பட்டதெல்லாம் பின்னோக்கி விரிவது.

அந்த ஏழு பேர் யார்?

தம்பி பென்னுக்கு நுரையீரலின் ஒரு மடல். குழந்தைகள் நலத்துறையில் வேலை பார்க்கும் ஹாலிக்குக் கல்லீரலின் ஒரு பகுதி. சிறுவர்களுக்கு ஹாக்கி சொல்லித்தரும் ஜார்ஜுக்கு ஒரு சிறுநீரகம். நிக்கலஸ் என்ற சிறுவனுக்கு எலும்பு மஜ்ஜை. அடித்து உதைக்கும் துணையிடமிருந்து தப்ப வழி தெரியாமல் இரண்டு குழந்தைகளோடு தவிக்கும் கோனி டெப்போஸுக்கு, உறுப்புக்குப் பதிலாகக் கடற்கரை வீடு. எஸ்ராவுக்குக் கண். எமிலிக்கு இதயம்.

முதல் ஐந்தும் உயிரோடு இருந்து கொடுத்தவை, கடைசி இரண்டும் இறந்து கொடுத்தவை. இந்தப் பிரிவைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே திரும்பத் தேவைப்படும்.

பெயருக்கு என்ன அர்த்தம்?

ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிக’னில், கடனுக்கு ஈடாக உடம்பிலிருந்து ஒரு பவுண்டு சதை கேட்பான் ஷைலாக். டிம்மின் கடன் ஏழு உயிர், ஆகவே ஏழு பவுண்டு. படத்துக்குள் யாரும் இதை விளக்குவதில்லை.

கண் தெரியாத ஆளை ஏன் போனில் அவ்வளவு கேவலமாகத் திட்டுகிறான்?

பலர் படத்தை நிறுத்திவிட நினைப்பது இந்த இடத்தில்தான். எஸ்ரா ஒரு இறைச்சி நிறுவனத்துக்காகத் தொலைபேசியில் ஆர்டர் எடுப்பவன். டிம் வாடிக்கையாளர் போலக் கூப்பிட்டு, பார்வையின்மையை, வேலையை, அவன் தனிமையை எல்லாம் இழுத்து வைத்து அவமானப்படுத்துகிறான். எதிர்முனையில் எஸ்ரா குரல் உயர்த்தவே இல்லை. நாகரிகமாக விடைபெற்று போனை வைக்கிறான். இது ஒரு தேர்வு. கோபம் கொள்ள எல்லா நியாயமும் இருந்தும் கொள்ளாத மனிதனா என்று பார்க்கிறான் டிம். திட்டி முடித்ததும் அவன் உடைந்துபோவதைக் கவனியுங்கள். வில் ஸ்மித் இந்தப் படத்தில் செய்த மிகச் சிறந்த நடிப்பு அந்தச் சில நொடிகள் என்பேன்.

இதற்கு நேர் எதிரான காட்சி முதியோர் இல்லத்தில் வருகிறது. இல்லத்தின் நிர்வாகி வரி பாக்கிக்கு அவகாசம் கேட்கிறான். மருந்து சாப்பிட மறுத்ததற்குத் தண்டனையாக ஒரு மூதாட்டியைக் குளிப்பாட்டாமலே போட்டு வைத்திருக்கிறார்கள் என்பது டிம்முக்குத் தெரிய வருகிறது. இவன் நல்லவனா என்று அந்த அம்மாவிடமே கேட்கிறான். பதில் காதோடு காதாக வருகிறது. அவரைக் கையில் தூக்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்ட ஏற்பாடு செய்கிறான். நிர்வாகிக்கு எதுவும் கிடைப்பதில்லை.

பார்க்கும்போது மனம் நிறையும் காட்சி இது. ஆனால் யார் வாழத் தகுதியானவர் என்று ஒரு தனி மனிதன் தீர்ப்பு எழுதுவதைத்தான் நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நிஜ உலகில் உறுப்பு ஒதுக்கீட்டில் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வி கிடையாது. நோயின் தீவிரம், ரத்தப் பிரிவு, உடல் பொருத்தம், காத்திருந்த காலம், தூரம் என்றுதான் பார்ப்பார்கள். அது வறட்சியாகத் தெரியலாம். மருத்துவமனைப் படுக்கையில் கிடப்பவர் யாரிடமும் தன் குணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை என்பதற்கான பாதுகாப்பு அந்த வறட்சியில்தான் இருக்கிறது.

எமிலி மேல் வருவது காதலா, பரிதாபமா?

காதல்தான். திட்டத்தில் இல்லாத காதல். எமிலி வாழ்த்து அட்டைகள் அச்சிட்டுப் பிழைப்பவள். இதயம் செயலிழந்துகொண்டிருக்கிறது, வரி பாக்கி வேறு. ட்யூக் என்ற பெரிய நாய் துணைக்கு. அவளுடைய கொட்டகையில் ஒரு பழைய ஹைடல்பெர்க் அச்சு இயந்திரம் ஓடாமல் நிற்கிறது. டிம் அதைப் பிரித்து, எண்ணெய் போட்டு, கை கருக்க வேலை பார்த்து ஓட வைத்துவிடுகிறான். அவளுக்கு அதைக் காட்டும் காட்சியைப் பாருங்கள். படம் முழுக்க அவன் முகத்தில் பாரம் இல்லாத இடம் அநேகமாக அது ஒன்றுதான். யாருக்கும் ஈடு கட்டாமல், பொறியாளன் என்ற தன் பழைய கையாலேயே ஒருத்திக்குப் பயன்படுகிறான்.

என்னைக் கேட்டால் படத்தின் மறுமொழி அங்கேயே இருக்கிறது. டிம் உயிரோடு இருந்தால் என்னவெல்லாம் செய்ய முடியும் என்பதை அந்த இயந்திரம் காட்டிவிட்டது. இயக்குநர் அதைக் காட்டியும், பார்க்காதது போலக் கடந்து போகிறார்.

முடிவில் காட்டுவது மருத்துவ ரீதியாக நடக்குமா?

நடக்காது. படத்தில் டிம் பெட்டி ஜெல்லிமீன் ஒன்றை வளர்க்கிறான், அதன் நஞ்சால் இறக்கிறான். வட ஆஸ்திரேலியக் கடலில் காணப்படும் பெட்டி ஜெல்லிமீனின் நஞ்சு இதயத் தசையையே தாக்கக்கூடியது. தானம் கொடுக்க வேண்டிய உறுப்பே கெட்டுப்போகும்.

அதைவிடப் பெரிய தடை வேறு. இறந்தவரின் இதயம் இன்னொருவருக்குப் பொருத்தப்படுவது பெரும்பாலும் மூளைச்சாவு நிலையில்தான். அதாவது மருத்துவமனையில், வென்டிலேட்டரில், இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போது, மருத்துவர்கள் முறைப்படி சோதித்து உறுதி செய்த பிறகு. மருத்துவமனைக்கு வெளியே ஒருவர் இதயம் நின்று இறந்தால் அந்த இதயம் பயன்படுவதில்லை. துடிப்பு நின்ற பின் எடுத்து, கருவியில் வைத்து மீட்டுப் பொருத்தும் முறை 2014இல் சிட்னியில்தான் சாத்தியமானது. அமெரிக்காவில் பெரியவர்களுக்கு 2019இல் தொடங்கியது. அதுவும் முன்கூட்டியே எல்லாம் தயாராக இருக்கும் மருத்துவமனைக்குள் நடப்பது. வெளியே எடுத்த இதயத்தைக் குளிரில் வைத்தால் நான்கு மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

இன்னாருக்கு என்று பெயர் சொல்லிக் கொடுப்பதை அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. அந்த ஒரு இடத்தில் படம் சரி.

கண் தானம் ஓரளவு யதார்த்தம். இறந்து சில மணி நேரம் வரை கருவிழிப் படலத்தை எடுக்க முடியும். ஆனால் பொருத்துவது அந்தத் தெளிந்த படலத்தை மட்டும்தான், முழுக் கண்ணை அல்ல. ஆகவே பெறுபவரின் கண் நிறம் மாறாது. கடைசிக் காட்சியில் எஸ்ராவின் கண்ணில் டிம்மை எமிலி கண்டுகொள்வதாக வருவது சினிமாவுக்காக.

உயிரோடு இருக்கும் ஒருவர் இத்தனை உறுப்பு கொடுக்க முடியுமா?

தனித்தனியாக எல்லாம் முடியும். மஜ்ஜை சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும். கல்லீரல் சில மாதங்களில் பெரும்பகுதி வளர்ந்துவிடும். ஒரு சிறுநீரகத்தோடு நன்றாக வாழலாம். நுரையீரல் மடல் திரும்ப வளராது, வழக்கமாக ஒரு நோயாளிக்கு இரண்டு பேர் ஆளுக்கொரு மடல் கொடுக்க வேண்டியிருக்கும். இப்போது அந்தச் சிகிச்சை அரிது.

ஒரே ஆள் நான்கையும் இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வந்தால்தான் சிக்கல். அமெரிக்காவில் 2007 முதலே, உயிரோடிருப்பவரிடம் உறுப்பு எடுக்கும் மருத்துவமனைகள், கொடையாளியின் நலனை மட்டும் பார்க்கத் தனியாக ஒருவரை நியமித்தாக வேண்டும். மனநலப் பரிசோதனையும் உண்டு. ஏன் கொடுக்கிறீர்கள், யாராவது நிர்ப்பந்திக்கிறார்களா, சமீபத்தில் யாரையாவது இழந்தீர்களா என்று கேட்பார்கள். மயக்க மருந்து வேண்டாம் என்று மறுத்து, வலியை முழுசாகத் தாங்கி மஜ்ஜை கொடுக்கும் டிம்மை அப்படிப்பட்ட ஒருவர் பார்த்திருந்தால், அன்றைக்கே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். படத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. மருத்துவர்கள் கேட்பதில்லை, டிம்மின் திட்டத்தை நிறைவேற்றுவதாக டேன் கண்ணீரோடு வாக்குக் கொடுக்கிறானே தவிரத் தடுப்பதில்லை. தம்பி ஒருவன்தான் போன் மேல் போன் போடுகிறான்.

நிஜத்தில் முன்பின் தெரியாதவருக்கு உறுப்பு கொடுத்தவர்கள் உண்டு. பிலடெல்பியாவைச் சேர்ந்த ஸெல் க்ராவின்ஸ்கி, ரியல் எஸ்டேட்டில் சேர்த்த சொத்தில் பெரும்பகுதியைத் தானம் செய்துவிட்டு, 2003இல் ஒரு சிறுநீரகத்தையும் யாரென்றே தெரியாத ஒருவருக்குக் கொடுத்தார். பைத்தியமா, மகானா என்று ஊரே விவாதித்தது. அவர் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார் என்பது முக்கியம்.

அவன் செய்தது தியாகம்தானே?

மேலே சொன்ன பிரிவுக்கு வருவோம். ஹாலிக்கும் ஜார்ஜுக்கும் நிக்கலஸுக்கும் கோனிக்கும் தம்பிக்கும் கொடுத்தது தியாகம். அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. வலித்தது, இழந்தான், பிறர் வாழ்ந்தார்கள்.

இறந்து கொடுத்ததை அந்தப் பெயரில் அழைக்க எனக்கு மனம் வரவில்லை. எமிலியைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? அவள் இதயம் கேட்டுக் காத்திருந்தவள்தான், ஆனால் அவனுடைய இதயத்தைக் கேட்கவில்லை. தான் காதலித்தவன் தனக்காகச் செத்தான் என்பதை மார்புக்குள் வைத்துக்கொண்டு மீதிக் காலத்தை ஓட்ட வேண்டும். உண்மையை அவளுக்குச் சொல்வது டிம்மின் தம்பி. அந்தத் தம்பியையும் நினைத்துப் பாருங்கள். அண்ணன் கொடுத்த நுரையீரலால் மூச்சு விடுகிறான், அண்ணன் இல்லை. ஏழு பேரைக் கொன்ற குற்றவுணர்வைத் தாங்க முடியாதவன், அதே பாரத்தில் ஒரு பங்கை எமிலிக்கும் தம்பிக்கும் டேனுக்கும் கைமாற்றிவிட்டுப் போகிறான். படம் இதைப் பூங்காவும் பியானோவும் இசையுமாக மென்மையாக்கிவிடுகிறது.

இன்னொன்று. விபத்தில் இறந்த ஆறு பேருக்கும் குடும்பங்கள் இருந்திருக்கும். டிம் தன் வீட்டில் தனியாக நின்று அந்தப் பெயர்களை அடிவயிற்றிலிருந்து கத்துகிறான். மனதைப் பிசையும் காட்சி. ஆனால் அவர்கள் வீட்டுக் கதவை அவன் தட்டிப் பார்த்தது கிடையாது. நல்ல அந்நியர்களைத் தேடி ஊர் முழுக்க அலைந்தவன், தன்னால் உறவை இழந்தவர்களிடம் மட்டும் போகவில்லை. மன்னிப்புக் கேட்பது நுரையீரல் கொடுப்பதைவிடக் கடினமாக இருந்திருக்கிறது.

தெரியாமல் ஓர் உயிரைப் போக்கியவர்கள் நிஜத்தில் எப்படி வாழ்கிறார்கள்?

மேரியான் கிரே என்ற அமெரிக்க உளவியலாளரைச் சொல்ல வேண்டும். 1977இல் ஒஹையோவில் மாணவியாக இருந்தபோது, சாலைக்குள் திடீரென ஓடிவந்த எட்டு வயதுச் சிறுவன் மீது அவருடைய கார் மோதியது. பையன் இறந்துவிட்டான். அவர் மீது தவறில்லை என்றே முடிவானது. டிம்முக்கும் இவருக்கும் அந்த வித்தியாசம் பெரியது, மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் பல ஆண்டுகள் அவர் அதைப் பற்றி வெளியில் வாய் திறக்கவில்லை. 2003இல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா சந்தைக்குள் ஒரு முதியவரின் கார் பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். ஊரே அந்த ஓட்டுநரைச் சபித்தபோது, கிரே தன் கதையை வானொலியில் சொன்னார். கடிதங்கள் குவிந்தன, இதே பாரத்தோடு இத்தனை பேரா என்று தெரிந்தது. அவர்களுக்காகவே ஓர் இணையதளம் தொடங்கி, 2023இல் இறக்கும் வரை அவர்களோடு பேசிக்கொண்டிருந்தார்.

விவிலியத்தில் வரும் அடைக்கலப்பட்டணங்கள் அவருக்கு ஆறுதலாக இருந்தன. கைப்பிசகாக ஒருவரைக் கொன்றவன் ஓடிப்போய் வாழ்வதற்கென்று ஒதுக்கப்பட்ட ஊர்கள். நடந்ததை அங்கே யாரும் இல்லை என்று சொல்லவில்லை, ஆளையும் அழித்துவிடவில்லை. டிம்முக்கு அப்படி ஓர் ஊர் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

செல்போன் விபத்து அந்தக் காலத்திலேயே பெரிய விஷயமா?

படம் வந்த நேரத்தைப் பாருங்கள். 2008 செப்டம்பர் 12 அன்று, லாஸ் ஏஞ்சலஸின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பயணிகள் ரயிலும் சரக்கு ரயிலும் மோதி 25 பேர் இறந்தார்கள். பயணிகள் ரயிலின் ஓட்டுநர் பணியில் இருக்கும்போதே செல்போனில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது விசாரணையில் தெரிந்தது. அதே மாதம் கலிபோர்னியா, வண்டி ஓட்டும்போது செய்தி அனுப்புவதைத் தடை செய்யும் சட்டத்தில் கையெழுத்திட்டது. நடைமுறைக்கு வந்தது 2009 ஜனவரி 1, படம் வெளியாகி 13 நாளில். டிம் அந்த இரவில் செய்ததைக் குறிப்பாகத் தடுக்கும் சட்டம் அப்போது அங்கே இல்லை.

விமர்சகர்கள் ஏன் கிழித்தார்கள்?

கதையை மறைத்து மறைத்துச் சொல்வது, தற்கொலையை அழகாக்குவது, அளவுக்கு மீறி உருக்குவது, இந்த மூன்றுக்காக. விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் இணையதளத்தில் ஆதரவு விமர்சனங்கள் 30 சதவீதத்துக்கும் குறைவு. மக்கள் வேறு மாதிரி பார்த்தார்கள். சுமார் 5.5 கோடி டாலர் செலவில் எடுத்த படம் உலகெங்கும் 16 கோடிக்கு மேல் வசூலித்தது. இரண்டாவது குற்றச்சாட்டை நான் முழுசாக ஏற்கிறேன். மூன்றாவதை ஏற்கவில்லை, ஏழு பேர் செத்த கதையில் அழாமல் எங்கே அழுவது?

பார்த்தபின் மனசு ரொம்பக் கனத்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் யாரிடமாவது பேசுங்கள், படத்தைப் பற்றி என்றே ஆரம்பிக்கலாம். டிம்மின் எண்ணம் உங்கள் எண்ணத்தைப் போலவே இருக்கிறது, நான் இல்லாவிட்டால் மற்றவர்களுக்கு நல்லது என்று தோன்றுகிறது என்றால், இன்றைக்கே கூப்பிடுங்கள். இந்தியாவில் டெலிமானஸ் என்ற மனநல உதவி எண் 14416, தமிழ்நாட்டில் 104, இலங்கையில் 1926. அப்படிப் பேசும் நண்பர் உங்களுக்கு இருந்தால், டேன் போல வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டாம், ஆளைக் காப்பாற்றுங்கள்.

இரண்டாம் முறை பார்த்தால் எதைக் கவனிக்கலாம்?

தம்பியின் போன் அழைப்புகளை. என் வீட்டிலிருந்து ஏதாவது எடுத்தாயா என்று அவன் கேட்பது முதல் தடவை சின்னச் சச்சரவாகத் தெரியும். இரண்டாம் தடவை, எடுத்தது அடையாள அட்டை என்று தெரிந்து பார்க்கும்போது, டிம் ஒவ்வொரு முறையும் எவ்வளவு அவசரமாகப் பேச்சை மாற்றுகிறான் என்பது புலப்படும். கோனி முதலில் உதவியை மறுக்கும் காட்சியையும் பாருங்கள். டிம் வற்புறுத்தாமல் நம்பரைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறான், அவளாகக் கூப்பிடும் வரை காத்திருக்கிறான். எமிலிக்குக் கிடைக்காத அந்தத் தேர்வு கோனிக்குக் கிடைத்தது.